எலுமிச்சையில் வழியும் சிவப்பு

ஹூடினி என்றாலே கைவிலங்கும் சங்கிலியும் பூட்டிய பெட்டியும்தான் நம் நினைவுக்கு வரும். அவர் 1910-இல் ஆஸ்திரேலியாவில் விமானம் ஓட்டியவர், 1921-இல் முக்குளிப்பவர்களுக்கான உடை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் என்பதெல்லாம் பலருக்குத் தெரியாது. இவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் மேடைக்கு வெளியே செய்த இன்னொரு வேலை. இறந்தவர்களோடு பேச வைப்பதாகச் சொல்லிக் காசு வாங்கியவர்களின் கூட்டங்களுக்கு மாறுவேடத்தில் போய், அவர்களின் தந்திரத்தை அம்பலப்படுத்தினார். 1926-இல், தாம் இறந்த அதே ஆண்டில், காசுக்குக் குறி சொல்வதைத் தடுக்கும் மசோதாவுக்காக வாஷிங்டனில் சாட்சியமும் அளித்தார்.

ஏமாற்றும் வித்தை தெரிந்தவருக்குத்தான் ஏமாற்றுகிறவரின் கை எங்கே போகிறது என்று தெரியும். பேராசிரியர்கள் கோட்டை விட்ட இடத்தில் ஒரு மேஜிக் கலைஞர் கண்டுபிடித்ததற்கு அதுதான் காரணம்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். 1930-இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். மேஜிக் கற்றவர், ஆனால் கைத்தட்டலோடு நின்றுவிடவில்லை. இந்தியாவின் ஊர் ஊராகப் போய், 'அற்புதம்' என்று காட்டப்படுபவற்றைத் தாமே செய்து காட்டி, எப்படிச் செய்தேன் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவார். சாம்பலைக் கஞ்சியில் குழைத்துச் சிறு உருண்டையாகக் காய வைத்து, விரலிடுக்கில் மறைத்து நசுக்கினால் வெறுங்கையிலிருந்து விபூதி கொட்டும். 1988-இல் 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்ற மாத இதழையும் தொடங்கினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்த ஆப்ரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்திருந்தார். 1978-இல் கோவூர் மறைந்த பிறகு அந்தச் சவாலைத் தொடர்ந்தவர் பிரேமானந்த். கடைசி வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பெஸ்தாரி ஜெயா பக்கம் (எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு தோட்டத்துக் குடும்பத்தை எனக்குத் தெரியும். படிவம் ஐந்தில் இருந்த பெண் திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தாள், சாப்பிடவில்லை, தூங்கவில்லை. செய்வினை என்றார் ஒருவர். எலுமிச்சையை வெட்டினார், சிவப்பாக வழிந்தது. 300 வெள்ளி. அடுத்த வாரமும் வழிந்தது, 'இன்னும் போகவில்லை' என்றார். மூன்று மாதம் கழித்து அவளை மருத்துவரிடம் கூட்டிப் போனது அவளுடைய வகுப்பாசிரியர். மனச்சோர்வு என்று தெரிந்து சிகிச்சை தொடங்கியபோது எஸ்.பி.எம். தேர்வு முடிந்திருந்தது.

அந்தச் சிவப்பை நாம் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறோம். 'மெத்தில் ஜிங்கா' என்று மலாயில் படித்தோமே, அந்த மெத்தில் ஆரஞ்சு அமிலம் பட்டால் சிவப்பாகும். அதைக் கத்தியில் தடவிக் காய வைத்து எலுமிச்சையை வெட்டினால் போதும். (அந்தச் சாற்றை யாரும் வாயில் வைக்க வேண்டாம்.) அதே பெண் படிவம் நான்கில் அந்தச் சோதனைக்குப் புள்ளி வாங்கியிருப்பாள். சோதனைக்குழாயில் பார்த்ததை வீட்டு வாசலில் அடையாளம் காண நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்படிப் பேசினால் சாமியை இழிவுபடுத்துவதாகச் சிலர் கோபப்படுவார்கள். பிரேமானந்த் நாத்திகர்தான். 2009-இல் நோய்ப்படுக்கையில் இருந்தபோது அவர் கடவுள் பக்கம் திரும்பிவிட்டதாக வதந்தி பரவ, தம் நிலை மாறவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் அப்படியில்லை. தைப்பூசத்துக்குப் போகிறவன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். எந்தக் கோயிலும் என்னிடம் கத்தியில் மருந்து தடவிக் காட்டியதில்லை. சாமி கும்பிடுவது வேறு, பயத்தை விலை பேசுவது வேறு.

கோல சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளிகளும் அறிவியல் வாரத்தில் இந்த வித்தைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாங்கள் வந்து செய்து காட்டத் தயார். பெற்றோரையும் அழையுங்கள். அடுத்த முறை ஒருவர் வீட்டுக்கு வந்து எலுமிச்சையை எடுத்தால், "எங்க வீட்டுக் கத்தியிலேயே வெட்டுங்கண்ணே" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும்.