பொம்மசந்திராவில் முடியும் தண்டவாளம்: நகரமைப்பாளர்களுக்கு இடமில்லாத நகரங்கள்

புதுதில்லி: பெங்களூரு மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடத்தை 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். ஆர்.வி. சாலையில் புறப்படும் இத்தடம் 16 நிலையங்களுடன் 19.15 கி.மீ. ஓடி பொம்மசந்திராவில் முடிவடைகிறது. அங்கிருந்து தமிழக எல்லை சுமார் 10 கி.மீ. தொலைவுதான். எல்லையைத் தாண்டினால் ஒசூர். ஆனால், பொம்மசந்திராவில் முடிந்த தண்டவாளம் ஒசூரை எட்டுமா என்ற கேள்விக்கு இரு மாநில அரசுகளிடமும் ஒரே பதில் இல்லை.

இந்தக் கேள்வியை இரு மாநிலங்களுக்கிடையிலான இன்னொரு பிணக்காக மட்டும் பார்ப்பது எளிது. அதற்குப் பின்னால், பலரும் கவனிக்கத் தவறும் வேறொரு பிரச்னை இருக்கிறது. நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் நகரமைப்பையும் நகர வடிவமைப்பையும் முதுநிலைப் பட்டப்படிப்பாகப் பயிலும் இளைஞர்கள் கற்கும் பாடத்துக்கும், நகரங்கள் உண்மையில் நிர்வகிக்கப்படும் முறைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் அது. அந்த இடைவெளியைக் கண்ணால் காண விரும்புவோர் பொம்மசந்திராவுக்குச் செல்லலாம்.

ஒரே ஊர், பல எசமானர்கள்

ஆனேக்கல் வட்டத்தில் ஒசூர் சாலையையொட்டிய கிராமமாக இருந்த பொம்மசந்திரா, கர்நாடக தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் அமைத்த தொழிற்பேட்டையால் உருமாறியது. மருந்து ஆலைகள், இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலைகள், நாடறிந்த இதயநோய் மருத்துவமனை என வளர்ந்து, அருகிலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டியுடன் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கு பணிபுரிவோரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒசூரில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்கு வந்து செல்வோரும் உண்டு.

பார்ப்பவர் கண்ணுக்கு இது பெங்களூருவின் ஒரு பகுதி. சட்டத்தின் கண்ணுக்கு அப்படியல்ல. பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் முழுமைத் திட்டத்துக்குள் பொம்மசந்திரா வருவதில்லை. நில உபயோகத்தைத் தீர்மானிப்பது ஆனேக்கல் திட்டக் குழுமம். தொழிற்பேட்டை மனைகள் தொழிற்பகுதி வாரியத்தைச் சார்ந்தவை. தெரு விளக்கும் சாக்கடையும் உள்ளூர் நகராட்சியின் பொறுப்பு. நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு உரியது. மெட்ரோவோ மத்திய, மாநில அரசுகள் இணைந்து நடத்தும் தனி நிறுவனம்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது 2014இல். மஞ்சள் தடத்தில் ரயில் ஓடியதோ 11 ஆண்டுகளுக்குப் பிறகு. அத்தனை காலம் கிடைத்தும், இறுதி நிலையத்தில் இறங்கும் தொழிலாளி ஆலை வாயில் வரை எப்படிச் செல்வார், நடைபாதை எங்கே, இணைப்புப் பேருந்து எங்கே நிற்கும், நிலையத்தைச் சுற்றி வாடகை குறைந்த குடியிருப்புகளுக்கு நிலம் எங்கே ஒதுக்கப்படும் என்பனவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே அலுவலகம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

வகுப்பறையில் கற்பது என்ன?

சேர்த்துப் பார்ப்பதையே முதன்மைப் பாடமாகக் கொண்ட படிப்புதான் நகரமைப்பு. சுதந்திர இந்தியாவில் இதற்கென மத்திய அரசு 1955இல் தில்லியில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1941 முதல் தில்லி பாலிடெக்னிக்கில் இயங்கிவந்த கட்டடக் கலைத் துறை 1959இல் அதனுடன் இணைந்து, இன்றைய திட்டமிடல் மற்றும் கட்டடக் கலைப் பள்ளி உருவானது. போபாலிலும் விஜயவாடாவிலும் இதே பெயரிலான கல்வி நிறுவனங்கள் 2008இல் நிறுவப்பட்டன. ஆமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், கரக்பூர் ஐ.ஐ.டி., சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

நகரமைப்பு முதுநிலைப் பட்டம் பொதுவாக இரண்டாண்டுப் படிப்பு. கட்டடக் கலை, கட்டுமானப் பொறியியல் படித்தவர்கள் மட்டுமன்றி, புவியியல், பொருளாதாரம், சமூகவியல் பயின்றோரையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. நில உபயோகம், போக்குவரத்து, வீட்டுவசதி, நகராட்சி நிதி, சட்டம் ஆகியவை இதன் பாடங்கள். நகர வடிவமைப்போ பெரும்பாலும் கட்டடக் கலைஞர்களுக்கான முதுநிலைப் படிப்பு. தெருவின் அகலம், கட்டடங்களின் உயரம், அவற்றுக்கிடையிலான பொதுவெளி, நடந்து செல்பவரின் வசதி ஆகியவற்றை அது ஆராய்கிறது. மெட்ரோ எந்த ஊருக்குச் செல்ல வேண்டும் என்பது முதலாவதன் கேள்வி என்றால், நிலையத்தின் படிக்கட்டில் இறங்கியவர் எந்த வழியே வீடு திரும்புவார் என்பது இரண்டாவதன் கேள்வி.

மாணவர்கள் முதலில் ஒரு பகுதியையும், பின்னர் ஒரு நகரத்தையும், இறுதியில் ஒரு மண்டலத்தையும் நேரில் ஆய்வு செய்து திட்டம் வரைவது இப்படிப்பின் வழக்கமான பயிற்சி. மண்டலம் என்பது மாவட்ட எல்லையோ மாநில எல்லையோ அல்ல. மக்கள் எங்கிருந்து எங்கு வேலைக்குச் செல்கின்றனர், தண்ணீர் எங்கிருந்து எங்கு பாய்கிறது, சரக்கு எந்த வழியில் செல்கிறது என்பனவே அதன் எல்லை என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்படும் அடிப்படை. அந்த அளவுகோலின்படி எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி, ஒசூர் யாவும் ஒரே நகர்ப்புறத் தொடர்.

பணியிடம் எங்கே?

இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் எங்கே செல்கின்றனர்? நீதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை இதற்கு அளித்த விடை கவலைக்குரியது. மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர்கள் தேவை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களோ 4,000க்கும் குறைவு. அவற்றிலும் பாதி காலி என்றது அந்த அறிக்கை. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் சுமார் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்பதும் அதில் இடம்பெற்றது. இதைவிட வியப்பான தகவல், பல மாநிலங்களின் பணி விதிகளில் நகரமைப்பாளர் பதவிக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயத் தகுதியாக இல்லை என்பதுதான்.

ஆக, தேவை இருக்கிறது, படித்தவர்கள் இருக்கின்றனர், இரண்டையும் இணைக்கும் பணியிடம்தான் இல்லை. பட்டதாரிகளுக்குத் தனியார் ஆலோசனை நிறுவனங்களும், வீட்டுமனைத் தொழில் நிறுவனங்களும், வெளிநாடுகளும் எஞ்சுகின்றன. அரசுகள் திட்டங்களை ஒப்பந்த அடிப்படையில் அதே ஆலோசனை நிறுவனங்களிடம் கொடுத்து வரையச் சொல்கின்றன. அறிக்கை வந்து சேரும்போது, அதைப் படித்து ஐயம் எழுப்பவும், ஆண்டுதோறும் திருத்தி நடைமுறைப்படுத்தவும் துறைக்குள் போதிய ஆள் இருப்பதில்லை.

மத்திய அரசு இதை அறியாமல் இல்லை. 2022-23 நிதிநிலை அறிக்கையில், நகரமைப்புக் கல்விக்காக ஐந்து நிறுவனங்கள் வரை உயர் சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ரூ. 250 கோடி நிதியம் அளிக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மாநிலங்களுக்கு வழங்கப்படும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடனில் ஒரு பகுதி, நகரமைப்புச் சீர்திருத்தங்களுடன் பிணைக்கப்பட்டது. ஆனால், கல்விக்கு நிதி ஒதுக்கத் தில்லியால் முடியும். நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. பணியிடத்தை உருவாக்க வேண்டியது பெங்களூருவும் சென்னையும்தான்.

எல்லையில் நிற்கும் சட்டம்

பணியிடம் கிடைத்தாலும் பொம்மசந்திராவில் இன்னொரு சுவர் எதிர்ப்படும். அரசியலமைப்பின் 74வது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த 12வது அட்டவணையில், நகராட்சிகளுக்கு உரியனவாகக் கூறப்பட்ட 18 பணிகளில் முதலாவது, நகரமைப்பு உள்ளிட்ட நகர்ப்புறத் திட்டமிடல். 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதிகளுக்குத் திட்டக் குழு அமைக்க வேண்டும் என்றும் அத்திருத்தம் கூறுகிறது. ஆனால், பெருநகரப் பகுதி எது என்பதை அறிவிக்கும் அதிகாரம் அந்தந்த மாநில ஆளுநருக்கு உரியது. எனவே, எந்தப் பெருநகரப் பகுதியும் மாநில எல்லையில் நின்றுவிடும். கர்நாடகத்தில் 1961ஆம் ஆண்டின் சட்டம், தமிழகத்தில் 1971ஆம் ஆண்டின் சட்டம். அத்திப்பள்ளிக்கு இப்புறமும் அப்புறமும் இரு வரைபடங்கள்.

ஒசூர் மெட்ரோ விவகாரம் இதற்கு உடனடி எடுத்துக்காட்டு. பொம்மசந்திரா - ஒசூர் தடத்துக்கான சாத்தியக்கூறு ஆய்வைச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் மேற்கொண்டது. சென்னையில் ரயில்கள் மேல்நிலைக் கம்பி வழியே 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் ஓடுகின்றன. பெங்களூருவில் தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தடத்தின் வழியே 750 வோல்ட் நேர்திசை மின்சாரம். இரண்டையும் இணைப்பது இயலாது என்று 2025இல் பெங்களூரு மெட்ரோ தரப்பு தெரிவித்தது. கர்நாடகத்தின் முதலீடும் வேலைவாய்ப்பும் ஒசூருக்குப் போய்விடும் என்று கூறிக் கன்னட அமைப்புகள் சிலவும் எதிர்ப்புத் தெரிவித்தன.

மின்சார வேறுபாடு உண்மையானது. ஆனால், இரு நகரங்களுக்கும் பொதுவான திட்டம் ஒன்று தொடக்கத்திலேயே இருந்திருந்தால், எந்த மின்முறை என்பது முதல் பக்கத்திலேயே தீர்க்கப்பட்டிருக்கும். அடுத்த நிலையத்தில் ரயில் மாறிக்கொள்வது போன்ற வழிகளும் ஆராயப்பட்டிருக்கும். கர்நாடகத்தின் அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. ஒசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்ததைப் போட்டியாகவே பெங்களூருவில் பலர் கண்டனர். செலவை யார் ஏற்பது, வரி வருவாய் யாருக்கு என்பவை நியாயமான கேள்விகள். அவற்றை எழுப்பி விவாதிக்க ஒரு மேசைகூட இல்லை என்பதே குறை.

தில்லி காட்டும் வழி

அத்தகைய மேசைக்கு முன்னுதாரணம் தலைநகரிலேயே உள்ளது. ஹரியாணா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களின் ஒப்புதலுடன் நாடாளுமன்றம் 1985இல் தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் கேட்டுக்கொண்டால், மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் குறித்தும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 252வது பிரிவு. அந்த மண்டலத்தில், மத்திய அரசும் நான்கு மாநில அரசுகளும் பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் அமைத்த தில்லி - மீரட் விரைவு ரயில் 2023 அக்டோபரில் முதல் கட்டமாக ஓடத் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

தில்லி மண்டலம் குறையற்றது என்று எவரும் கூறமாட்டார்கள். குருகிராமின் மழைநீர்த் தேக்கமும் குளிர்காலக் காற்று மாசும் அதற்குச் சான்று. மேலும், 252வது பிரிவின்படி இயற்றப்படும் சட்டத்தை மாநிலங்கள் தாமாகவே பின்னர் திருத்த இயலாது. மாநில உரிமையைப் பேணும் தமிழகமும் கர்நாடகமும் இவ்வழியை விரும்பாமல் போகலாம். அப்படியானால் இரு மாநிலங்களும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒசூர் சாலைத் தொடருக்கு மட்டும் ஒரு கூட்டுத் திட்டக் குழுவை அமைக்கலாம். அதற்குத் தில்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

தமிழகத்துக்கு இது ஒசூரோடு முடிவதும் அல்ல. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் அமைந்த ஸ்ரீசிட்டிக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் சென்று வருகின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 48 சதவீதத்துக்கும் அதிகமானோர் நகர்ப்புறங்களில் வசித்தனர். அந்த நகரங்கள் மாநில எல்லையைப் பார்த்து வளரவில்லை.

காலிப் பணியிடங்களை நிரப்புவது, நகரமைப்புப் பட்டத்தைக் கட்டாயத் தகுதியாக்குவது, எல்லையோர நகரங்களுக்குக் கூட்டுத் திட்டம் வகுப்பது ஆகிய மூன்றும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மஞ்சள் தடத்துக்குச் செலவானது சுமார் ரூ. 7,160 கோடி. அத்தடத்தின் கடைசி நிலையத்துக்கு அப்பால் என்ன நடக்க வேண்டும் என்று சிந்திப்பதற்குச் சில பத்து நகரமைப்பாளர்களின் ஊதியம் போதும். அவர்களை நியமிக்காதவரை, பொம்மசந்திராவில் இறங்கும் ஒசூர்த் தொழிலாளி எஞ்சிய வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.