குட்டி யார் பெயரில் இருக்கிறது?

ஒரு பிள்ளை ஆடு மேய்ப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டால், அந்த ஆடு யாருடையது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஆந்திரத்து யானாதிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, பட்ட கடனுக்கு ஈடாக வாத்து மேய்ப்பவரிடம் விட்டுவைத்த சிறுவன் இறந்துபோய், காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்தது 2025இல் வெளியே வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் நடந்த கொடுமை அது. அதே பாலாற்றுப் படுகையில், திருக்கழுக்குன்றம், செய்யூர்ப் பக்கத்துச் சிறு நிலங்களில், பள்ளி விட்டு வந்து தன் வீட்டுக் குட்டிக்கு அகத்திக் கொத்து ஒடித்துப் போடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்பவர்கள் முதல் பிள்ளைக்கு நேர்ந்த அநீதியையும் அறியவில்லை, இரண்டாம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய நன்மையையும் அறியவில்லை.

செங்கல்பட்டில் இந்த வேறுபாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. இம்மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்கள் பண்ணையடிமைகளாகக் கிடந்த நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணைதான், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களுக்கு அடித்தளம். அதே காலத்தில் ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, மெல்ரோசாபுரம் போன்ற உழவர் குடியிருப்புகளை இங்கே அமைத்தார். அப்படிக் கொடுத்த பஞ்சமி நிலம் கைமாறிப்போனதும், அதை மீட்கக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு நடந்து ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்ததும் காரணைப் போராட்டத்தின் கதை. இந்தப் பின்னணியில் வந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அரை ஏக்கரும் நான்கு ஆடும் சாதாரணச் சொத்தல்ல. முன்னோர் மேய்த்ததெல்லாம் பண்ணையார் வீட்டு மாடு. சாணி அள்ளிய கைக்குக் கன்றில் பங்கில்லை. நிலத்துக்குப் பட்டா வேண்டும், தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். ஒரு பெட்டைக்குட்டிக்கு அதெல்லாம் வேண்டாம். அது ஏழைப் பிள்ளைக்கு எட்டுகிற முதல் உடைமை. ஆகவே, வீட்டில் பிள்ளை வளர்க்கும் ஆடும் கோழியும் பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும், அதன் வரவும் பிள்ளைக்கே சேர வேண்டும் என்பது என் வாதம். அது இல்லாதபோது வீட்டுக்குள் நடப்பதும் கூலியில்லா வேலைதான்.

உடைமையாக இருக்கும்போதுதான் அது கல்வியாகவும் ஆகிறது. வெள்ளாடு ஐந்து மாதம் சுமந்து ஈனும். எப்போது சினைப்பட்டது என்று குறித்து வைத்த பிள்ளை ஈற்றுக்கு முன்பே கொட்டிலைத் தயார் செய்யும். மழைக்குப் பின் துளிர்த்த புல்லை வயிறு முட்ட மேயவிட்டால் துள்ளுமாரி நோய் வரும், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து தவறினால் ஒரு வாரத்தில் கூடு காலியாகும் என்பதெல்லாம், இழப்பு தன்னுடையது என்னும்போது மனத்தில் நிற்கும். இந்த வட்டாரத்துக்கே உரிய மெட்ராஸ் ரெட் செம்மறியும், கால்நடை ஆராய்ச்சி நடக்கும் காட்டுப்பாக்கமும் இவர்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. இதற்கு முன்மாதிரியும் புதிதல்ல. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், கோழியும் தேனீயும் வளர்க்கக் கற்றுக்கொடுத்ததோடு நிற்காமல், முட்டையையும் தேனையும் கூட்டுறவாக விற்கவும் வழிசெய்தார். அமெரிக்காவில் கிராமப் பிள்ளைகளுக்காக 1902இல் முளைத்த 4-எச் மன்றங்களிலும் பிள்ளை தன் விலங்குக்குத் தானே வரவு செலவு எழுத வேண்டும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு தமிழ்நாட்டுக்கே உரியது. 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னபோது, அதைக் குலக்கல்வி என்று இந்த மண் எதிர்த்தது. 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. ‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்கள், தம் பிள்ளை ஆட்டுக்கயிறு பிடிப்பதைப் பார்க்கக் கூசுவது நியாயம். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைய எதிர்ப்பு, பள்ளி நேரத்தைத் திருடியதற்கும் பிறப்பை வைத்து வேலை விதித்ததற்கும் எதிரானது. பள்ளி நேரத்தில் ஒரு நிமிடமும் தொடாமல், விருப்பப்பட்ட பிள்ளை மட்டும் வளர்த்து, அந்தப் பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டினால் அது குலத்தொழிலிலிருந்து வெளியேறும் வழியாகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவலாம் என்கிறது. இந்த விலக்கு தவறாகப் பயன்படும் என்று குழந்தை உரிமை அமைப்பினர் எச்சரிப்பதும் சரியே. வீட்டுக்குள் யார் போய்ப் பார்ப்பது? அதனால்தான் உடைமையைக் கேட்கிறேன். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. கொட்டில் கூட்டுவதும் தண்ணீர் காட்டுவதும் தங்கைக்கு, சந்தையில் விற்ற பணம் அண்ணனுக்கு என்ற வழக்கம் எந்த மதத்து வீட்டிலும் உண்டு.

சபைகளுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. அறுப்பின் பண்டிகையன்று ஆடும் சேவலும் காணிக்கையாக வந்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும். அழகான வழக்கம்தான். ஆனால் பிள்ளை வளர்த்த ஆட்டைப் பிள்ளையைக் கேட்காமல் தகப்பன் கொண்டுவந்து கட்டினால் அது யாருடைய காணிக்கை? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையை தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் சொன்னதைக் கேட்டு வளர்ந்த சபை இது. கிறிஸ்துமஸ் கறிக்கு ஆட்டைக் கொடுக்கும்போதும் இதே கேள்விதான். பாசமாய் வளர்த்ததை விற்கச் செய்வது குழந்தைக்குக் கொடுமை என்பார்கள். வலிக்கும், உண்மை. கறி எங்கிருந்து வருகிறது என்று அறியாத வீட்டில் அந்த வலி இல்லை, அவ்வளவே. எந்தக் குட்டி விற்பதற்கு, எது தாயாடாக வளர்ப்பதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதும், ‘வேண்டாம்’ என்று பிள்ளை சொன்னால் கேட்பதும் பெரியவர்கள் கையில் இருக்கிறது.

மேய்ச்சல்தான் உண்மையான சிக்கல். கோவளம் முதல் கல்பாக்கம் வரை மனைப்பிரிவுக் கற்களும் விடுதிச் சுவர்களும் பெருகிவிட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து ஆடு ஓட்ட எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. வரப்போரம் வேலிமசாலும் அகத்தியும் வைத்து, இரண்டு மூன்று ஆட்டைக் கட்டிப்போட்டு வளர்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. விற்று வரும் பணத்துக்கு, பத்து வயதான பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கால்நடை மருந்தகத்தில் காதுத் தோடு போட்டு எண் பதியும்போது, பெற்றோர் பெயரோடு வளர்க்கும் பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொள்ளக் கால்நடைத் துறை உத்தரவிட வேண்டும். விலையில்லா ஆடு கொடுத்த அரசுக்கு இது பெரிய செலவல்ல.