சத்துணவுக் கூடத்தில் மூன்று பேர், வீட்டில் ஒரே ஒருத்தி

"இன்னைக்கு நைட்டு என்ன டிபன்?"

சாயந்திரம் ஆறு மணி தாண்டினால் இந்தக் கேள்வி கேட்காத வீடு இருக்காது. கேட்பவர்கள் பல பேர். பிள்ளைகள், புருஷன், சில வீடுகளில் மாமனார். பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் ஒரே ஒருத்தர். அவர் "என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்களேன்" என்று திருப்பிக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்.

"எதுன்னாலும் பரவாயில்லை."

ஆஹா, எவ்வளவு அனுசரணையான குடும்பம் என்று தோன்றும். உண்மையில் இதைப் போல சோம்பேறித்தனமான பதில் வேறு கிடையாது. யோசிக்கிற வேலையையும் நீயே செய் என்பதுதான் அதற்கு அர்த்தம். உப்புமா தட்டுக்கு வந்த பிறகு பாருங்கள், "மறுபடியும் உப்புமாவா?" என்று குரல் வரும். சற்று முன் சொன்ன அந்த 'பரவாயில்லை' எங்கே போனது?

சமையல் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்படி வெக்கை கண்ணுக்குத் தெரிகிறது, பாத்திரக் குவியல் தெரிகிறது. ஆனால் என்ன சமைப்பது என்று யோசிப்பதும் ஒரு வேலைதான் என்பதை எத்தனை வீட்டில் ஒப்புக்கொள்கிறார்கள்? கல்யாணமாகி முப்பது வருடம் என்றால் 10,950 ராத்திரிகள். அத்தனை ராத்திரிக்கும் யோசித்தது ஒரே மூளை.

உறையூரில் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். மூத்தது காலேஜ். இளையது பன்னிரண்டாம் வகுப்பு, டியூஷன் முடித்து வீட்டுக்கு வரவே எட்டரை ஆகும். இந்த வீட்டில் வியாழக்கிழமை ராத்திரி இட்லி என்றால் சமையல் எப்போது ஆரம்பிக்கிறது? வியாழன் ஏழு மணிக்கு என்று நினைத்தால் தப்பு. புதன் ராத்திரியே மாவு அரைத்தாக வேண்டும். அதற்குப் புதன் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலேயே அரிசியை ஊறப்போட வேண்டும். டப்பாவில் உளுந்து இருக்கிறதா என்று செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துவிடும். மார்கழிக் குளிரில் பொங்கவே பொங்காது. அதற்குத் தகுந்த மாதிரி நேரத்தை முன்னே பின்னே தள்ள வேண்டும். வியாழன் இட்லி, வெள்ளி தோசை, கொஞ்சம் புளித்ததும் சனிக்கிழமை ஊத்தப்பம் என்று ஒரே மாவை மூன்று நாளைக்குப் பிரித்து ஓட்ட வேண்டும். நடுவில் அமாவாசை வந்தால் வெங்காயம், பூண்டு கூடாது. புரட்டாசி வந்தால் ஞாயிற்றுக்கிழமை சிக்கனும் கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முடிய வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எந்த வேலையை எப்போது ஆரம்பிப்பது என்று முடிவு செய்வதும், கையிருப்பு தீர்வதற்கு முன்னால் ஆர்டர் போடுவதும், கெட்டுப்போகும் சரக்கை முதலில் தள்ளுவதும் பாடப்புத்தகத்தில் வந்தால் மேலாண்மை. கம்பெனியில் செய்தால் அதற்கு ஒரு மேனேஜர், ஒரு கேபின். அடுப்படியில் செய்தால் "அம்மா சும்மாதானே இருக்காங்க"!

ஹென்றி ஃபயோல் 1916-ல் நிர்வாகத்தின் வேலைகளை ஐந்தாகப் பிரித்தார். முதல் செமஸ்டரில் எல்லோரும் மனப்பாடம் செய்த பட்டியல்தான். அதில் முதலாவது திட்டமிடல். பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து "எதுன்னாலும் பரவாயில்லை" என்று சொல்கிறவர்கள் என்ன படித்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

அமெரிக்க சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த யோசிக்கிற வேலையை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு செய்தபடி நடந்ததா என்று கண்காணிப்பது. 35 தம்பதிகளிடம் பேசியதில் அவர் கண்டது இதுதான். முடிவெடுக்கும் படியில் கணவன், மனைவி இரண்டு பேரும் கலந்துகொள்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன. உறையூர் பாஷையில் சொல்வதானால், "இட்லியே பண்ணிடு" என்று தீர்ப்பு சொல்ல ஆள் வருகிறது. உளுந்து தீரப்போகிறது என்று கவனிக்க ஆள் வருவதில்லை.

திட்டமிடுவது தனி வேலைதான் என்பதற்குச் சாட்சி தேடி அமெரிக்கா வரைக்கும் போகத் தேவையில்லை. திருச்சியே போதும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில்தான். சத்துணவு மையத்துக்கு என்ன பதவிகள் வைத்தார்கள்? அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர். மூன்று பதவிகள்! சரக்கு வாங்கி வைக்க, கணக்கு எழுத, அளவு பார்க்க ஒருவர். சமைக்க ஒருவர். நறுக்கவும் கழுவவும் ஒருவர். எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்பதையும் அவர்கள் தினம் தினம் யோசித்துக்கொண்டிருப்பதில்லை. அதற்கு அரசே ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. சம்பளம் போதவில்லை என்று சத்துணவு ஊழியர்கள் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள், அது வேறு விஷயம், நியாயமான விஷயம். ஆனால் அங்கே மூன்று பேர் வேலை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதை வீட்டில் ஒரே ஒருத்தி செய்கிறாள். அதற்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை, மெனு பட்டியலும் இல்லை.

ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனாலும் இதே கதைதான். ரங்கநாதருக்கு எந்த வேளைக்கு என்ன தளிகை என்பது வழிவழியாக வகுத்து வைக்கப்பட்டிருக்கிறது. காலையில் ரொட்டியும் வெண்ணெயும் கூட அந்த ஏற்பாட்டில் உண்டு. மடைப்பள்ளியில் நிற்பவர் தினமும் சாயந்திரம் தலையைப் பிடித்துக்கொண்டு "இன்னைக்குப் பெருமாளுக்கு என்ன பண்றது" என்று யோசிப்பதில்லை. சாமிக்கே மெனு முடிவாகி இருக்கிறது. ஆசாமிக்குத்தான் "எதுன்னாலும் பரவாயில்லை".

நீதிமன்றம்கூட இதைக் கவனித்துவிட்டது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சொன்ன தீர்ப்பு. அதில் இல்லத்தரசி செய்யும் வேலைகளை வரிசையாக எழுதும்போது சமைப்பதோடு நிறுத்தவில்லை. திட்டமிடுவது, பட்ஜெட் போடுவது, என்ன சமைப்பது என்று மெனு வகுப்பது, அடுப்படிச் சரக்கைக் கையாள்வது எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஜட்ஜ் ஐயாவுக்குத் தெரிந்தது சாப்பிட உட்காருகிறவர்களுக்குத் தெரியவில்லை.

புள்ளிவிவரத்தையும் பார்த்துவிடலாம். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்கிற ஆண்களின் சராசரி. அப்படி ஏதாவது ஒரு வேலை செய்தவர்கள் நூறு ஆண்களில் 26 பேர்தான், பெண்களில் 81 பேர். மறுபடி 2024-ல் எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததும் ஆண்களும் சளைக்காமல் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள்! இத்தனைக்கும் இது கை செய்த வேலையின் கணக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டு உளுந்தைப் பற்றி யோசிக்கிற நேரம் பெரும்பாலும் பயணக் கணக்கில் போய்விடும்.

மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது. 2011-ல் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. கைவலி நிச்சயமாகக் குறைந்தது. அம்மியில் அரைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஊறப்போட ஞாபகப்படுத்தும் கிரைண்டர் இன்னும் எந்த வீட்டுக்கும் வரவில்லை. கடையில் மாவு பாக்கெட் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. அதை வாங்க ஞாபகம் வைத்துக்கொள்வது யார்? ஆப்பில் ஆர்டர் போடலாமே என்பார்கள். போடலாம், ஒருநாள். வாரம் ஏழு நாளும் போட்டால் மாசக் கடைசியில் பட்ஜெட் எந்த நிலைமையில் இருக்கும் என்பதற்கும் அதே அம்மாதான் பதில் சொல்ல வேண்டும்.

"வாரத்துக்கு ஒரு மெனு போட்டு வச்சுக்கிட்டா ஈசியா இருக்கும்ல" என்று யோசனை சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். பெண்கள் பத்திரிகைகளில் முப்பது வகை சமையல் இணைப்பு கொடுத்த காலத்திலிருந்து இப்போதைய யூடியூப் வரைக்கும் இந்த யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையே காய் நறுக்கி டப்பாவில் போட்டு வையுங்கள், மசாலா அரைத்து வையுங்கள், பட்டியல் எழுதி வையுங்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாமே அவளைப் பார்த்தே சொல்லப்படுகிறது! ஏழு நாள் சுமையை ஒரே நாளில் ஏற்றி, இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் திட்டமிடலா? பட்டியலை அவளே யோசித்து, அவளே எழுதி, அவளே நிறைவேற்றினால் அது இன்னொரு வேலை. அவ்வளவுதான்.

மெனு பட்டியல் வேண்டும். ஆனால் அது குடும்பத்தின் பட்டியலாக இருக்க வேண்டும். வழி ரொம்ப எளிது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு தாளில் நான்கு கட்டம். கிழமை, டிபன், சமைப்பது யார், முதல் நாள் வேலை யாருடையது. இதில் நான்காவது கட்டம்தான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் டாமிங்கர் சொன்ன கதைதான் நடக்கும், முடிவில் எல்லோருக்கும் பங்கு, ஞாபகம் வைப்பது மட்டும் அம்மாவுக்கு. ஆளுக்கு ஒரு நாளாவது சொல்லியே ஆக வேண்டும். யார் எதைச் சொன்னாரோ அதற்கான முதல் நாள் வேலை அவருடையது. சப்பாத்தி கேட்டவன் கோதுமை மாவு இருக்கிறதா என்று பார்க்கட்டும். அடை கேட்டவர் பருப்பு ஊறப்போடட்டும். "எதுன்னாலும் பரவாயில்லை" என்பவருக்கு, கிடைத்ததை வாய் பேசாமல் சாப்பிடும் கடமை!

வீடு என்ன ஹாஸ்டலா, போர்டு எழுதி மாட்ட என்று கேட்பவர்கள் உண்டு. ஹாஸ்டல் சாப்பாட்டை யாரும் மெச்சப் போவதில்லை. ஆனால் அங்கே மெஸ் மாஸ்டரிடம் போய் யாரும் தினமும் "இன்னைக்கு என்ன" என்று நச்சரிப்பதில்லை. அந்த நிம்மதி வீட்டில் சமைப்பவருக்கும் வேண்டாமா? திடீரென்று மழை வந்து பஜ்ஜி சாப்பிடத் தோன்றினால் தாளை யாரும் கோர்ட்டில் காட்டப் போவதில்லை. மாற்றிக்கொள்ளலாம். மாற்றச் சொன்னவர் வாழைக்காய் வாங்கி வந்தால் சரி.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது, நானே பண்ணிடறேன்" என்று சொல்லும் அம்மாக்களும் இருக்கிறார்கள். அது அன்பு. பல வருடம் கேட்டும் நடக்காததால் வந்த சலிப்பும் அதில் பாதி இருக்கும். எந்த பேட்ஸ்மேன் எந்த மேட்சில் எத்தனை ரன் என்று தேதியோடு சொல்கிற தலைக்கு, துவரம்பருப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பது மட்டும் ஏறாதா? தெரியாமல் இருப்பது ஒரு வசதி. அந்த வசதிக்கு வேறொருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

உறையூர் வெக்காளியம்மன் கோவிலில் வேண்டுதலை ஒரு சீட்டில் தெளிவாக எழுதி சூலத்தில் கட்டிவிட்டு வருகிறார்கள். என்ன வேண்டும் என்று சாமியிடமே எழுதிக் கொடுக்கத் தெரிந்த ஊர் இது. வீட்டில் இருக்கிறவளிடம் மட்டும் ஏன் 'ஏதாவது'? ஒரு தாள், ஒரு பேனா, கால் மணி நேரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டத்தை நிரப்ப வேண்டியது அம்மா இல்லை. சாப்பிடுகிற மற்றவர்கள்.