இரண்டு முறை வர வேண்டிய ஊர்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்கும் தஞ்சைப் பகுதிக்கும் செல்லும் பேருந்துகள் அதன்பின் படிப்படியாகக் கோயம்பேட்டை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தன. நாளிதழ்களுக்கு அது சில வாரச் செய்தி. ஒரு காலைக் கும்பகோணத்திலும் மறுகாலைச் சென்னையிலும் ஊன்றி வாழும் எங்களைப் போன்றோருக்கோ அது இன்னும் முடியாத விவகாரம்.

எங்கள் குடும்பத்துக்குச் சென்னை என்பது பாரிமுனையில் தொடங்கிய ஊர். எண்பதுகளில் திருவள்ளுவர் பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் வந்து இறங்குவோம். பண்ருட்டியில் பலாப்பழ வாசனை, திண்டிவனத்தில் தூக்கக் கலக்கத்துடன் ஒரு தேநீர், தாம்பரம் தாண்டியதும் அம்மா எங்களை உலுக்கி எழுப்பித் தலை வாரிவிடுவது என்று அந்த வழிக்கே ஓர் ஒழுங்கு இருந்தது. உயர் நீதிமன்றத்தின் கோபுரங்கள் தென்பட்டால் ஊர் வந்துவிட்டது என்று பொருள். கையில் கொழுந்து வெற்றிலைக் கட்டு, வாழைக்காய், வடகம், புதிதாய் அரைத்த காப்பிப்பொடி. அத்தனையும் சுமந்துகொண்டு சில அடி நடந்தால் மயிலாப்பூர் செல்லும் பல்லவன் நின்றுகொண்டிருக்கும். மூட்டையைப் பார்த்து நடத்துநர் சிடுசிடுப்பார்; ஆனாலும் ஏற்றிக்கொள்வார்.

இதைச் சொல்வதால் பழைய நிலையத்துக்கு நாங்கள் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். அந்த நெரிசலும் சிறுநீர் நாற்றமும் மறக்கக்கூடியவை அல்ல. நாற்றம்கூட நினைவில் மணக்கத் தொடங்குவது வயதின் தந்திரம். அவ்வளவு பேருந்துகளை அந்தக் குறுகிய தெருக்கள் தாங்கியிருக்க முடியாது என்பதே உண்மை. சென்னை இடம் போதாதபோதெல்லாம் எதையாவது வெளியே அனுப்பி வந்திருக்கிறது. சென்ட்ரலுக்கு அருகிலிருந்த உயிரியல் பூங்கா 1985இல் வண்டலூருக்குப் போனது. கொத்தவால்சாவடியின் காய்கறிக் கடைகள் 1996இல் கோயம்பேட்டுக்குப் போயின. 2002இல் வெளியூர்ப் பேருந்துகளும் அவற்றைப் பின்தொடர்ந்தன. அப்போதும் முணுமுணுப்பு இருந்தது. கோயம்பேடு அன்று பலருக்குத் தொலைவுதான். நகரம் வளர்ந்து அதைத் தனக்குள் இழுத்துக்கொண்டது.

அப்படி இழுத்துக்கொள்ள எவ்வளவு காலமாயிற்று என்பதை மட்டும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தின் வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்தது 2015இல். திறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! கிளாம்பாக்கத்திலும் அதே வரிசையைத்தான் கண்டோம். சுமார் 88 ஏக்கரில் எழுந்த முனையம் திறக்கப்பட்ட நாளில் அதனருகே ரயில் நிலையம் இல்லை. மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் ஊருக்குச் செல்லப் பேருந்து கிடைக்காத பயணிகள் ஜி.எஸ்.டி. சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். கட்டடத்தைக் குறை சொல்ல ஏதுமில்லை. விசாலமாகவும் தூய்மையாகவும் இருக்கிறது. கழிப்பறைகள் பாரிமுனையில் கனவிலும் காணாதவை. குறை, எதை முதலில் கட்டுவது என்ற வரிசையில் இருக்கிறது.

எங்கள் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முதன்முறை அதிகாலை நான்கு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அந்த நீண்ட நடைபாதையைக் கடந்து, மாநகரப் பேருந்தில் ஏறி, மேலும் ஒன்றரை மணி நேரம் கழித்து வீடு வந்து சேர்ந்தாள். பையை வைத்ததும் கேட்டாள்: "மெட்ராசுக்கு வந்து எறங்கினப்புறம் இன்னொரு தடவை மெட்ராசுக்கு வரணுமாடா?" அதன்பின் அவள் வருவது குறைந்துவிட்டது. நாங்களும் பண்டிகைக்கு மட்டும் ஊருக்குப் போகிறவர்களாகி வருகிறோம். வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை நேரே அலுவலகம் செல்வது என்ற வழக்கம், இரு முனைகளிலும் கூடிய அந்த ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துகொண்டிருக்கிறது.

இரவுப் பேருந்து யாருடைய வாகனம் என்று யோசித்துப் பார்க்கலாம். விடுப்பு எடுக்க இயலாதவர், விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண், கட்டட வேலைக்கு வந்தவர், மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வருபவர். சொந்தக் கார் வைத்திருப்பவருக்குக் கிளாம்பாக்கம் என்பது சாலையோரம் ஒளிரும் ஒரு கட்டடம், அவ்வளவே. நகரத்துக்குள் நெரிசல் குறைந்ததன் பயனை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். அதற்கான விலையை மூட்டையோடு வருகிறவர் மட்டும் செலுத்துகிறார். விடிவதற்குமுன் ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகை, சில நாட்களில், முந்நூறு கிலோமீட்டர் வந்த கட்டணத்தையே எட்டிவிடுகிறது.

இந்நகரத்தில் வாழ்வோரில் பெரும்பாலோர், தாமோ தம் பெற்றோரோ, ஒரு நாள் மூட்டையுடன் வந்து இறங்கியவர்களே. எங்கள் ஊர் வீடுகளில் திண்ணை என்று ஒன்று இருந்தது. அது வீட்டாருக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. வாசலைத் தள்ளி வைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. தள்ளி வைப்பவர்கள் அங்கிருந்து வீட்டுக்குள் வரும் வழியை முதலில் போட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் கட்சி. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வந்து சேரும் பேருந்துகளின் கணக்கு அரசிடமே இருக்கிறது. அந்தக் கணக்குக்கு ஏற்ப அந்நேரத்தில் மாநகரப் பேருந்துகளை நிறுத்தி வைப்பதற்கு மெட்ரோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.