மைக்செட்டும் கூத்தின் சொல்லும்

தருமபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும் என்பது மரபு. பென்னாகரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் அண்மையில் துகிலுரிதல் கூத்துப் பார்க்கப் போயிருந்தேன். மேடையின் இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். பாஞ்சாலி சபையோரிடம் நியாயம் கேட்கிறாள். எனக்குக் கேட்டதோ கரகரப்பும் இரைச்சலும். மைக்செட்காரரிடம் சொன்னேன். "ஆயிரம் வாட் சார், இன்னும் ஏத்தட்டுமா?" என்றார்.

அவரை நொந்து பயனில்லை. விழாக்குழு அவரிடம் கேட்பதே வாட் கணக்கைத்தான். சொல் விளங்குமா என்று கேட்பாரில்லை.

மேலே தொங்கும் ஒரு டைனமிக் மைக், தள்ளி நின்று பாடும் குரலுக்குத் தரும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டை ஒட்டியது. அதை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல், உயர்த்துவது ப்ரீஆம்ப்ளிஃபயரின் வேலை. ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அதன் பிறகே இடம். சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூல ஏட்டில் விழுந்த பிழை எல்லாப் படிகளிலும் தொடர்வதுபோல, முதல் நிலையில் புகுந்த இரைச்சல் குரலோடு சேர்ந்தே பெருகும். துரியோதனன் முழங்கும்போது அந்நிலை தாங்காமல் ஒலியலையின் முகடு வெட்டுண்டால், பிறகு எந்தக் குமிழைக் குறைத்தாலும் வெட்டுண்டது மீளாது. ஒப்பிட்டுத் திருத்த இங்கே வேறு ஏடும் கிடையாது.

நல்ல ப்ரீஆம்ப் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தவறான இடத்தில் தொங்கும் மைக்கை அது காப்பாற்றாது. ஆனால் மட்டமான ப்ரீஆம்பை ஆயிரம் வாட்டும் காப்பாற்றாது.

"கூத்துக்கு மைக்கே வேண்டாம்" என்று மரபின் பெயரால் சொல்லும் இலக்கிய நண்பர்களும் உண்டு. பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமும் திடலில் விடிய விடியத் தொண்டை கிழியப் பாடப்போவது அவர்களல்லர். எம்.டி. ராமநாதனின் (1923–1984) தாழ்ந்த சுருதி, ஒலிபெருக்கி இல்லாமல் பெரிய அரங்கின் கடைசி வரிசையை எட்டியிருக்குமா? கருவி கலைக்குப் பகையல்ல. கருவியைப் பற்றிய அசிரத்தையே பகை. வாய்மொழி மரபு குறித்துக் கருத்தரங்குகளில் உருகும் நாம், அந்த வாய்மொழி காதில் விழுகிறதா என்று ஒரு நாளாவது கவலைப்பட்டிருக்கிறோமா?

இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்காக, ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவுவரை மாநில அரசு விலக்களிக்கலாம். விடியும்வரை நிகழும் கலைக்கு இது கழுத்தின்மேல் கத்தி. ஊர் தூங்க முடியாத இரைச்சலை எழுப்பி அந்தக் கத்தியை நாமே அழுத்துகிறோம். தெளிவாக ஒலிக்கும் குரலை அவ்வளவு உரக்க ஒலிக்கத் தேவையில்லை.

இளங்கோ அரங்கேற்று காதையில் அரங்குக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொன்னார். தூணின் நிழல் ஆடுபவர்மேல் விழாதபடி விளக்கு வைக்கவும் சொன்னார். அந்த அக்கறை நமக்கும் வேண்டும். அடுத்த விழாவில் இரண்டு ஸ்பீக்கரைக் குறைத்து, அந்தப் பணத்தில் நல்ல ப்ரீஆம்ப் உள்ள மிக்ஸரை வாடகைக்கு எடுங்கள். பாஞ்சாலியின் கேள்வி கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கட்டும்.