சிரட்டைக் கரியும் கிணற்றுத் தண்ணீரும்



மாரி வெள்ளம் வடிந்ததும் சுகாதாரப் பகுதியினர் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போட்டுச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்ததை யார் மறப்பார்? வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலையானாலும் சரி, கிழக்கே காத்தான்குடியானாலும் சரி, குளோரின் போட்ட மறுநாள் பிள்ளைகளின் முறைப்பாடு ஒன்றுதான்: "உம்மா, தண்ணி மணக்குது!" உடனே யாராவது ஒரு யோசனை சொல்வார்கள்: "ரெண்டு துண்டு சிரட்டைக் கரியைப் பானைக்குள்ள போடுங்க, மணம் போயிடும்."

இந்த யோசனையில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

முதலில் உண்மையைப் பார்ப்போம். கரி வாயுக்களை இழுத்துப் பிடிக்கும் என்பதைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஷீலே 1773-லேயே கண்டார். முதலாம் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் குளோரின் வாயு ஏவப்பட்டது. அதன் பின்னர் போர்வீரர்களின் முகமூடிகளில் கரி நிரப்பப்பட்டது. அதற்குச் சிரட்டைக் கரி மிகவும் ஏற்றதென்று கண்டார்கள். 1918-ல் அமெரிக்காவில் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் எறியாமல் சேர்த்துத் தரும்படி வீட்டுப் பெண்களிடம் கேட்டார்கள்.

அடுப்படிக் கரிக்கு இந்தச் சக்தி மிகக் குறைவு. சிரட்டைக் கரியை 800 முதல் 1000 பாகை வரையான வெப்பத்தில் நீராவி பாய்ச்சிப் பதப்படுத்தும்போது, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள் உண்டாகின்றன. அதுவே 'செயலூட்டிய கரி'. அதில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் சுமார் 1000 சதுர மீற்றர், அதாவது கால் ஏக்கர் வயல்! நம் நாட்டிலேயே 1973-ல் தொடங்கிய ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் சிரட்டையிலிருந்து இதைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன.

இந்தக் கரியைத் தூளாக்கித் தண்ணீரில் கலந்தால் கரிக்குழம்பு. அதற்குள் ஒரு வாயு எப்படிக் கரியைச் சேர்கிறது? முதலில் தண்ணீரில் கரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு கரித்துணிக்கையையும் போர்த்தியிருக்கும் அசையாத மெல்லிய நீர்ப்படலத்தைக் கடக்க வேண்டும். அதன்பின் துளைக்குள் நுழைந்து ஒட்ட வேண்டும்.

மண்முனைப் பாலம் 2014-ல் திறக்கப்படும் முன் கொக்கட்டிச்சோலைக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும் துறையில் படகுப் பாதைக்குக் காத்து நின்றோம் அல்லவா? பயண நேரத்தைத் தீர்மானித்தது பஸ் அல்ல, அந்தச் சிறு நீர்க்கடவைதான். கரிக்குழம்பிலும் அப்படியே. நன்றாகக் கலக்கினால் நீர்ப்படலம் மெலியும். கரியை நுண்ணிய தூளாக்கினால் துளைக்குள் போகும் தூரம் குறையும். பானையின் அடியில் சும்மா கிடக்கும் இரண்டு கரித்துண்டுகளுக்கு இரண்டு வசதியும் இல்லை. அழுகிய முட்டை போல் மணக்கும் ஐதரசன் சல்பைட்டும் இதே வழியில்தான் கரியைச் சேர வேண்டும்.

இனி ஆபத்து. நல்ல செயலூட்டிய கரி குளோரினைப் பிடிப்பதோடு நிற்காது. அதைக் குளோரைட்டாக மாற்றி அதன் வீரியத்தையே போக்கிவிடும். மணம் போகும்போது கிருமியைத் தடுக்கும் காவலும் போய்விடும். குழாய்த் தண்ணீர் வீட்டை அடையும்போது லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கரியோ கிருமியைக் கொல்வதில்லை. நாட்பட்ட கரி வடிகட்டியில் கிருமிகள் குடியேறிப் பெருகவும் கூடும்.

ஆகவே சகோதரிகளே, குளோரின் போட்ட தண்ணீரை அரை மணி நேரமாவது விட்டுவையுங்கள். அது தன் வேலையை முடிக்கட்டும். அடுப்படிக் கரியைக் குடிதண்ணீரில் போடாதீர்கள். கடையில் வாங்கிய கரி வடிகட்டி இருந்தால், குளோரின் வேலை செய்து முடிந்த தண்ணீரையே அதில் ஊற்றுங்கள். வடித்ததை மூடி வைத்து அன்றே குடித்து முடியுங்கள். குழந்தையின் பால்மாவுக்கு எடுக்கும் தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வையுங்கள்.

உங்கள் வீட்டு வடிகட்டியின் கரியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? நினைவுக்கு வரவில்லையானால், மாற்றும் காலம் கடந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.