"இந்தக் குழாய் இன்னைக்கும் தேவையா?" என்று கேளுங்கள்!

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதே சார், நாலாம் நாள் குளிர்ஜுரம் எப்படி வந்துச்சு?" கேளம்பாக்கத்தில் என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது.

கையில் குளுகோஸ் ஏற்றும் குழாய், சிறுநீர்க் குழாய் வழியாக ஆஸ்பத்திரிக் கிருமி ரத்தத்தில் புகுந்துவிடலாம். பல ஆன்டிபயாடிக்குகளுக்குப் பழகிய கிருமி அது, லேசில் அசையாது. கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமையே முறிக்கும் என்.டி.எம்-1 மரபணு, சென்னையில் எடுத்த கிருமிகளிலும் இருப்பது 2010-ல் வெளியானது. 2012-ல் 'சென்னை பிரகடனம்' வந்தது. 2014 மார்ச் முதல், முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு பார்த்துத்தான் விற்க வேண்டும். கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவும் வேண்டும்.

சட்டம் மட்டும் போதுமா? கட்டில் பக்கத்தில் இருப்பது நீங்கள்தானே! தேவை முடிந்த குழாய் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குத் திறந்த வாசல். அதனால் டாக்டரிடம் தினமும் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேளுங்கள். ஊசி இடம் சிவந்து வீங்கினால் நர்ஸிடம் சொல்லுங்கள். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நான் சித்த வைத்தியன். ஆனாலும் சொல்கிறேன்: குளிர் நடுக்கம், மூச்சு வாங்கல், பேச்சில் தடுமாற்றம் கண்டால் நிலவேம்புக் குடிநீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தத்தைக் கல்ச்சர் செய்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும்.

வீட்டில் சாதாரண சளிக்கு நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். நாளை உயிர் காக்க வேண்டிய மருந்து அது.